பாதிப்பு: சில ஆட்சேபணைகள்

நம் விமர்சனத்தில் மிகவும் சௌகரியமான சொல் 'பாதிப்பு'. ஒருவருடைய எழுத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் தோன்றவில்லை என்றால் இன்னாரின் பாதிப்பு தெரிகிறது என்று எழுதிவிடலாம். காஃப்காவின் பாதிப்பு, காம்யுவின் பாதிப்பு, எலியட்டின் பாதிப்பு, கொஞ்சம் உள்ளூர் ஞானம் இருப்பவர்களாக இருந்தால் மௌனியின் பாதிப்பு. இந்தப் பாதிப்பு எப்போதும் ஒரே திசையில்தான் நகரும். பெரியதிலிருந்து சிறியதற்கு, பட்டணத்திலிருந்து பட்டிக்கு, மேற்கிலிருந்து நமக்கு. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதைப் போல இதுவும் ஒரு இயற்கை விதி என்று நினைத்துக்கொண்டு, கணக்குப் பார்க்க வேண்டிய சிரமத்திலிருந்து தப்பித்துக்கொள்கிறோம். விதி ஒன்றும் இல்லை. சோம்பேறித்தனம்தான்.

இந்தச் சோம்பேறித்தனத்தை நாம் சரித்திரத்திலிருந்து கற்றோமா, சரித்திரக்காரர்கள் நம்மிடமிருந்து கற்றார்களா தெரியாது. அங்கேயும் இதே கதைதான். பேரரசு என்று ஒன்று இருக்கும்; அதைச் சுற்றிச் சிற்றரசுகள். பேரரசு செய்யும், சிற்றரசு செய்யப்படும். பேரரசுக்குக் கலை, நிர்வாகம், நாகரிகம். சிற்றரசுக்குத் திறை கட்டுவதும், அவ்வப்போது கலகம் செய்து அடங்குவதும். பாடப் புத்தகத்தில் சோழர்களுக்கு ஒரு அத்தியாயம், 'பிற சிற்றரசர்கள்' என்று கடைசியில் ஒரு பத்தி. அந்தப் பத்தியில் வருகிற மண்ணில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

நான் சின்னசேலத்துக்காரன். பெயரிலேயே சின்னத்தனத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர். மேற்கே ஒரு பெரிய சேலம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இது சின்னது. ஆனால் பெயரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கிறவர்களுக்கு வேறு ஒன்று தெரியும். வடக்கே கல்வராயன், தெற்கே பச்சைமலை. நடுவில் ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. அதன் கிழக்கு வாயில் இந்த ஊர். கொங்கிலிருந்து பெண்ணையாற்றுச் சமவெளிக்கு இறங்குகிற படைக்கும் பண்டத்துக்கும் இதுதான் வழி. இப்போது சேலம் – விருத்தாசலம் ரயில் பாதையும், சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் நெடுஞ்சாலையும் அதே வழியில்தான் போகின்றன. சேரனும் சோழனும் பல்லவனும் ஒருவரை ஒருவர் தொட வேண்டுமென்றால் இந்த நடுநாட்டை மிதிக்காமல் முடியாது. நடுவில் இருப்பவன் சிறியவனாக இருக்கலாம். அவனைக் கேட்காமல் யாரும் எதையும் முடிக்க முடியாது. நான் சொல்ல வருவது இதைத்தான், இதன் விலையையும் சேர்த்து.

*

இந்த மண்ணுக்கு மலையமான் நாடு என்று பெயர். அது தேய்ந்து மலாடு, மிலாடு. தலைநகரம் பெண்ணைக் கரையில் கோவல், இன்றைய திருக்கோவலூர். புறநானூற்றில் இந்தச் சிறு நாட்டுக்குக் கிடைத்திருக்கிற இடம் ஆச்சரியமானது. 121 முதல் 126 வரை வரிசையாக மலையமான்கள், அப்புறம் 174, 46இல் அவர்களுடைய குழந்தைகள். நம் பண்டிதர்கள் இந்தப் பாட்டுகளில் கொடையை மட்டும் பார்த்தார்கள். காரி கடையெழு வள்ளல்களில் ஒருவன், தேர் கொடுத்தான், முடிந்தது விஷயம். தேர் கொடுக்க அவனுக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கபிலர் கேட்டிருக்கிறார். 122ஆம் பாட்டு, காரியின் செல்வம் எதிலிருந்து வருகிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறது. மூவேந்தரில் ஒருவன் மாற்றி ஒருவன் தனக்குத் துணையாக வா என்று ஆள் அனுப்புகிறான். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதுதான் அது. கூலி என்று நான் சொல்வேன். அந்தக் கூலியும் வந்த வழியே பரிசிலர்களுக்குப் போய்விடுகிறது. நிலம் அந்தணர்களுக்குப் போய்விடுகிறது. தன்னுடையது என்று சொல்ல அவனுக்கு மனைவியைத் தவிர எதுவும் இல்லை என்கிறார் கபிலர். புகழ்ச்சிதான். ஆனால் ஒரு சிறிய நாட்டின் பொருளாதாரத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிவிடவில்லை.

125ஆம் பாட்டுக்கு வாருங்கள். சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கும் சோழன் பெருநற்கிள்ளிக்கும் போர். தேர்வண் மலையன் சோழன் பக்கம் நின்றான். சோழன் வென்றான். வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் என்ன சொல்கிறார்? வென்றவன், இவனால்தான் வென்றோம் என்கிறான். தோற்றவனும், இவன் வராமல் இருந்திருந்தால் நாம் தோற்றிருக்க மாட்டோம் என்கிறான். இரண்டு வேந்தர்களும் ஒத்துக்கொண்ட ஒரே உண்மை மலையன்தான். 'சிற்றரசர்கள் பேரரசர்களுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தனர்' என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பாட்டைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்களா?

174 இன்னும் மேலே போகிறது. பகைவருக்கு அஞ்சி ஓடிவந்து முள்ளூர் மலையுச்சியில் ஒளிந்திருந்த சோழனை மறுபடியும் அரசில் நிறுத்தியவன் மலையமான் குலத்து முன்னோன் என்கிறார் மாறோக்கத்து நப்பசலையார். அந்தப் பாட்டின் தலைவன் பெயர் மலையமான் சோழிய ஏனாதி திருக்கண்ணன். ஏனாதி படைத்தலைவனுக்குத் தருகிற பட்டம். அதன் முன்னால் 'சோழிய' என்று ஒரு ஒட்டு. காப்பாற்றியவன் காப்பாற்றப்பட்டவனின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறான். பாதிப்பு எப்படிக் கணக்கில் பதிவாகிறது என்பதற்கு இது முதல் உதாரணம்; இனி வருபவை எல்லாம் இதன் விரிவுகள்தான்.

மலாட்டின் சிறுமையை நான் கொண்டாடப் போவதில்லை. காரி கொல்லிமலை ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. ஒரு சிறியவன் இன்னொரு சிறியவனைக் கொன்று பெரியவனிடம் ஒப்படைத்தான். கோவலூரை அதியமான் அழித்தான். இவனும் சிறியவன். மலையமான் குழந்தைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தினான் சோழன் கிள்ளிவளவன். கோவூர் கிழார் ஒரு பாட்டுப் பாடி அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. முள்ளூர் மலையில் சோழனுக்கு அடைக்கலம் கொடுத்த குலத்தின் குழந்தைகள்தான். தயவு என்ற சொல்லுக்கு வேந்தர்களின் அகராதியில் இடம் கிடையாது.

பாரியையும் காரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேரும் சிறியவர்கள். இரண்டு பேரையும் கபிலர் பாடினார். பாரி மூவருக்கும் வேண்டாதவன், மூவரும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள், பறம்பு போயிற்று. காரி மூவருக்கும் வேண்டியவன், மூவரும் ஆள் அனுப்பினார்கள், மலாடு தப்பியது. சிறிய நாட்டுக்கு இருந்த வழிகள் இந்த இரண்டுதான். பாரி கதையைத் தமிழன் உணர்ச்சியோடு சொல்லிக்கொள்கிறான், ஏனென்றால் அது முடிந்துபோன கதை. காரியின் கதை முடியவில்லை. அது சங்கடமானது, அதனால் அதைக் கொடை என்று பூசி மெழுகிவிட்டோம்.

*

ஆயிரம் வருஷம் தாண்டினால் அதே கோவலூரில் இன்னொரு காட்சி. முதலாம் ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி மலையமான் குலத்துப் பெண். சுந்தர சோழனை மணந்தவள். பத்தாம் நூற்றாண்டின் நடுவில் சோழ அரசு என்ன நிலையில் இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொண்டு இந்தத் திருமணத்தைப் பார்க்க வேண்டும். 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் ராஷ்டிரகூடர்களிடம் மாண்டான். தொண்டை மண்டலம் போயிற்று. பெண்ணைக் கரையில் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைப் போட்டுக் கல்வெட்டு வெட்டினார்கள், கோவலூரிலேயே. இழந்ததை மீட்க வேண்டுமென்றால் சோழன் முதலில் கால் ஊன்ற வேண்டிய இடம் நடுநாடு. இந்த உறவில் காதல் இருந்ததா என்பது நாவலாசிரியர்களின் கவலை. மலாட்டின் ஆதரவு இல்லாமல் வடக்கே ஒரு அடி வைக்க முடியாத ஒரு அரசின் கணக்கு இதில் இருந்தது என்பதுதான் என் அனுமானம்.

சுந்தர சோழன் இறந்தபோது அவள் உடன்கட்டை ஏறினாள். ராஜராஜன் காலத்தில் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டு இதைக் கவிதையாகச் சொல்கிறது. கைக்குழந்தையைப் பிரிந்தாளாம், கணவனைப் பிரியவில்லையாம். அதே கல்வெட்டு, அதே ஊரில், பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டுத் தீயில் இறங்கிய கபிலரையும் பேசுகிறது. ஒரு கல்லில் இரண்டு நெருப்பு. ஒன்று அழிந்துபோன சிறிய நாட்டுக்கானது. இன்னொன்று உச்சிக்குப் போகப்போகிற பெரிய நாட்டுக்கானது. இரண்டும் கோவலூரின் ஞாபகத்தில்தான் எரிகின்றன. இந்தக் கல்வெட்டை எழுதியவனுக்கு இருந்த சரித்திர உணர்வு நமக்கு இல்லை. தஞ்சாவூரை அறிய வேண்டுமென்றால் கோவலூர்ப் பாறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவை தன் தகப்பனுக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனி செய்து வைத்தாள். மகள் தாயை மறக்கவில்லை. ஆனால் அரசு? சோழர் கல்வெட்டுகளில் மலாட்டின் பெயர் என்ன ஆயிற்று பாருங்கள்: மிலாடாகிய ஜனநாத வளநாடு. ஜனநாதன் என்பது ராஜராஜனின் பட்டப் பெயர். தாயின் பிறந்தகத்துக்கு மகன் பெயர் ஏறிவிட்டது. பழைய பெயர் 'ஆகிய' என்ற சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மறுபடியும் அதே கணக்கு. கொடுத்தது இங்கே, பதிவானது அங்கே.

*

படையும் பெண்ணும் கொடுத்ததைவிட இந்த மண் கொடுத்த பெரிய விஷயம் பாட்டு. இதைச் சொன்னால் சோழ மண்டலத்து நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

தேவாரம் பாடிய மூவரில் சம்பந்தர் சீர்காழிக்காரர், ஒத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டு பேர்? அப்பர் திருவாமூர்; சுந்தரர் திருநாவலூர். இரண்டும் திருமுனைப்பாடி நாடு. மலாட்டுக்குப் பக்கத்து வீடு, அதுவும் ஒரு குறுநிலம். திருநாவலூரில் பிறந்த சிறுவனை எடுத்து வளர்த்தவர் முனைப்பாடியை ஆண்ட நரசிங்க முனையரையர். கோவலூரை ஆண்ட மெய்ப்பொருளும் அதே நாயன்மார் பட்டியலில் இருக்கிறார். அந்தப் பட்டியலைப் போட்டதே சுந்தரர்தான். பொய்கை, பூதம், பேய் என்ற மூன்று ஆழ்வார்களும் சந்தித்துக்கொண்டதாகச் சொல்லப்படும் இடைகழி எங்கே இருக்கிறது? திருக்கோவலூரில். காஞ்சியிலும் மல்லையிலும் மயிலையிலும் பிறந்தவர்கள் சந்திக்க இங்கே வரவேண்டியிருந்தது.

இது தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏழாம் நூற்றாண்டில் சமணமும் சைவமும் மோதிக்கொண்டது நூலில் மட்டுமல்ல, நிலத்திலும்தான். திருப்பாதிரிப்புலியூரில் சமணர்களின் பெரிய பள்ளி. அப்பர் முதலில் அங்கே தர்மசேனர். காஞ்சியில் பல்லவன். நடுவில் அதிகை வீரட்டானம். இரண்டு பக்கத்து வாதமும் காதில் விழுகிற இடத்தில்தான் ஒருவனுக்கு மனமாற்றம் வரும். ஒரு பக்கம் மட்டும் பேசப்படும் தலைநகரத்தில் மாற என்ன இருக்கிறது? சேக்கிழார் சொல்கிற கதைப்படி முதலில் மாறியவர் முனைப்பாடிக்காரர்; அவருக்குப் பின்னால் மாறியவன் பல்லவ வேந்தன். பல்லவன் சமணப் பள்ளியை இடித்து அதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்பதும் சேக்கிழார் சொல்வதுதான். மற்ற மதத்தின் பள்ளியை இடித்ததை நான் சாதனையாகச் சொல்லவில்லை. எந்தத் திசையில் பாதிப்பு நகர்ந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இப்போது தஞ்சாவூருக்குப் போவோம். ராஜராஜன் தன் கோயிலில் பதிகம் பாட 48 பேரை நியமித்தான். உடுக்கை வாசிக்க ஒருவர், மத்தளம் கொட்ட ஒருவர், ஆக 50. இவர்கள் தினமும் பாடியதில் பாதிக்கு மேல் முனைப்பாடிச் சரக்காக இருந்திருக்க வேண்டும். கர்ப்பக்கிருகத்தைச் சுற்றிய இருட்டுப் பாதையில் சோழர் காலத்து ஓவியம் இருக்கிறதே, அதில் யார் கதை? சுந்தரர் கதை. திருமணப் பந்தலில் வந்து ஓலையைக் காட்டி வழக்காடுகிற கிழவர். வழக்கு நடக்கும் இடம் பெண்ணைக் கரைத் திருவெண்ணெய்நல்லூர். தென்னிந்தியாவிலேயே மிகப் பெரிய அரசு, தன் மிகப் பெரிய கட்டடத்தின் மையச் சுவரில் எழுதிக்கொண்டது நடுநாட்டில் நடந்த ஒரு கிராம வழக்கை. அப்புறம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்துக்கும் காவியத் தலைவன் அதே திருநாவலூர்க்காரர்தான். சோழ அரசு தன்னைப் பற்றிக் கனவு கண்ட மொழி முனைப்பாடியிலிருந்து வந்தது. இதைப் பாதிப்பு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

*

கட்டியவர்களில் இவர்களுக்குப் பங்கு உண்டென்றால் உடைத்தவர்களிலும் உண்டு.

உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் சேந்தமங்கலம். கெடிலக் கரையில் ஒரு சின்னக் கோட்டை ஊர். 1231இல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழச் சக்கரவர்த்தி மூன்றாம் ராஜராஜனைத் தெள்ளாற்றில் தோற்கடித்துக் கொண்டுவந்து இங்கே சிறை வைத்தான். ராஜராஜன் என்ற பெயரை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெயரைத் தாங்கியவன் கெடிலக் கரையில் கைதி. மீட்க ஹொய்சள நரசிம்மன் தண்டநாயகர்கள் அப்பண்ணனையும் சமுத்திர கோப்பய்யனையும் அனுப்பவேண்டி வந்தது. திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு அவர்கள் எரித்துக்கொண்டே வந்த ஊர்களின் ஜாபிதாவை விவரமாகத் தருகிறது. சோழன் விடுதலையானான், ஆனால் சோழ நாட்டின் தலைவிதி அதற்கப்புறம் ஹொய்சளனும் பாண்டியனும் பேசித் தீர்க்கிற விஷயமாகிவிட்டது. 1279க்குப் பிறகு சோழன் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

சின்னசேலத்துக்கு மேற்கே, தலைவாசலுக்குப் பக்கத்தில் ஆறகழூர். வாணகோவரையர்களின் தலைநகரம், மகதை மண்டலத்தின் மையம். இன்று பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு கோயில் கோபுரமும் வயலும்தான் தெரியும். பக்கத்துத் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர் சிலைகள். மூன்றாம் குலோத்துங்கன் காலத்து வாணகோவரையன் ஒருவன் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் பொன் வேய்ந்து 'பொன்பரப்பினான்' என்று பெயர் வாங்கினான். மகதேசன் என்றும் அவனுக்குப் பெயர். சோழனுக்கு அடங்கியவன்தான், ஆனால் பொன் பரப்புகிற அளவுக்குக் கையில் இருந்திருக்கிறது. அந்தக் காலத்து நடுநாட்டுத் தலைவர்கள் ஒருவரோடு ஒருவர் உடன்படிக்கை செய்துகொண்டு, இன்னார் பகைவர் எனக்கும் பகைவர் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சக்கரவர்த்தி பெயர் மேலே மெய்க்கீர்த்தியில் இருக்கும். விஷயம் கீழே இவர்களுக்குள் முடிந்துவிடும்.

முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்துவிட்டுச் சோழனின் பொன்முடியைப் பறித்துப் பாணனுக்குக் கொடுத்தான் என்று அவன் மெய்க்கீர்த்தி பேசுகிறது. இந்தப் பாணன் யார்? யாழ் மீட்டுகிற பாணன் என்று படித்தவர்கள் இருக்கிறார்கள். வாணர் குலத்து அரசன் என்று படித்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லும் அவசரம் இல்லை. ஒரு பேரரசின் கிரீடம் கடைசியில் போய்ச் சேர்ந்த கை ஒரு பாட்டுக்காரனுடையதாகவோ ஒரு குறுநிலக்காரனுடையதாகவோ இருக்க வேண்டும் என்று ஒரு சொல் மயங்கி நிற்கிறதே, அதுவே போதும். மூவாயிரம் பக்கச் சரித்திர நாவல்களில் எதிலும் இந்தச் செறிவு கிடையாது.

*

நாவல் என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' தமிழ் வாசகனின் சோழ ஞானத்துக்கு ஊற்றுக்கண். அதில் திருக்கோவலூர் மலையமான் வருகிறார். எப்படி வருகிறார்? பேரப்பிள்ளைகளுக்காகக் கவலைப்படுகிற தாத்தாவாக. தமிழ்ப் பொது வாசகனுக்குத் தெரிந்த மலாடு அவ்வளவுதான்: அரண்மனைச் சண்டையில் அம்மா வழி உறவு. கல்கியைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதினார். அதைச் சரித்திரமாக ஏற்றுக்கொண்டது நாம். 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு தஞ்சையில் அரசு விழாவாக நடந்தது. 2022இலும் 2023இலும் அதே நாவல் இரண்டு பாகமாகத் திரையில் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே கோபுரம் இன்னும் உயரமாகிறது. அது நிற்கிற மண் இன்னும் கீழே போகிறது.

கல்வித் துறைக்காரர்கள் இந்த ஆரவாரத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்று நினைக்கலாம். 1980இல் பர்ட்டன் ஸ்டைன் சோழ அரசு என்பது மேலே சடங்கு மட்டும், உண்மையான அதிகாரம் நாடுகளில்தான் இருந்தது என்று எழுதினார். பெரிய விவாதம் நடந்தது. சோழனின் பெருமையைக் குறைத்துவிட்டார் என்று ஒரு கூட்டம். மையத்தை உடைத்துவிட்டார் என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் 'நாடு' என்பது ஒரு மாதிரிப் படத்தின் கட்டம்தான். அந்தக் கட்டத்துக்குள் ஒருத்தி தீயில் இறங்கினாள், ஒருவன் மதம் மாறினான், ஒருவன் சக்கரவர்த்தியைச் சிறை வைத்தான் என்பது விவாதத்துக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அதன் மீதுதான் அதிகக் கோபம். எங்கள் பக்கத்து மண்ணின் மைந்தர்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவலூரும் சேந்தமங்கலமும் திருநாவலூரும் அதற்குள் வந்தன. உடனே ஆரம்பித்துவிட்டது: ராஜராஜன் எங்கள் பேரன், அவன் ரத்தத்தில் பாதி எங்கள் ரத்தம், கோப்பெருஞ்சிங்கன் எங்கள் ஜாதி, வாணன் எங்கள் ஜாதி. இவர்கள் சோழனை எதிர்க்கவில்லை. சோழனில் பங்கு கேட்கிறார்கள். பெரியவனோடு உறவு சொல்லிப் பெரியவனாகிவிடப் பார்ப்பது சிறியவனின் பழைய வியாதி. திருக்கண்ணனுக்கு 'சோழிய' பட்டம் கிடைத்ததில் பெருமைப்படுகிறவன் திருக்கண்ணனைப் புரிந்துகொள்ளவில்லை. பாதிப்பைக் கணக்கெடுப்பது வேறு, பாத்தியதை கொண்டாடுவது வேறு.

இந்தப் பெருமைக்காரர்களில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிற மலையைத் தெரியும்? கோமுகியும் மணிமுத்தாறும் கல்வராயனிலிருந்து இறங்குகின்றன. கீழே நெல்லும் கரும்பும் அந்தத் தண்ணீரில். ஆனால் மலையாளிப் பழங்குடிகள் 1976 வரை ஜாகிர்தார்களின் கீழ் இருந்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வந்து 29 வருஷம் ஆன பிறகு! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கப்புறம்தான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானாக வழக்கு எடுத்துக்கொண்டது. 'பாதிப்பு' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். இலக்கியப் பத்திரிகையில் ஒன்று, தினசரியில் இன்னொன்று. எங்கள் ஊர்ப் பெயர் தலைநகரத்தின் காதில் விழுவது இரண்டாவது அர்த்தத்தில்தான். மலாடு அன்று வேந்தர்களுக்கு இடையில் இருந்த மாதிரி, இந்த மலை இன்று நம் பெருமைகளுக்கு இடையில் இருக்கிறது. அது கொடுப்பதை எடுத்துக்கொள்கிறோம், பெயரை எழுதிக்கொள்வதில்லை.

*

இதையெல்லாம் ஏன் ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று நண்பர்கள் கேட்பார்கள். சிற்றரசு, சிற்றிதழ், சின்னசேலம் — மூன்றுக்கும் முன்னால் ஒட்டியிருப்பது ஒரே அடைமொழி என்பதால்தான்.

'எழுத்து' 1959இல் ஆரம்பித்து 1970இல் நின்றது. சி.சு. செல்லப்பா பிரதிகளைத் தோளில் சுமந்து விற்றார். 1962இல் 'புதுக்குரல்கள்' வந்தபோது பண்டிதர்கள் இது கவிதையே இல்லை என்றார்கள். பத்து இருபது வருஷத்தில் என்ன நடந்தது? புதுக்கவிதை எழுதாத வாரப் பத்திரிகை கிடையாது; கல்யாணப் பத்திரிகையில்கூட வரி உடைத்து எழுதினார்கள். அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் லட்சம் பிரதி விற்கிற பத்திரிகைகளுக்குத் தெரியாது. மிலாடாகிய ஜனநாத வளநாடு! நம்முடைய சிறிய நிலத்தில் நடந்தவைதான் பெரிய நிலத்தின் பாஷையாகின்றன. அப்போது பெயர் மாறியிருக்கும்.

இதற்காகப் புலம்பவேண்டுமா? வேண்டாம். பெயர் மாறுவது சிறியவனுக்கு எப்போதும் நடப்பது. என் ஆட்சேபணை, நாமே அந்தப் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதில். நாம் எழுதுகிற விமர்சனத்தில், ஒரு சின்ன ஊர்க்காரன் எழுதினால் அவனிடம் எந்தப் பெரியவனின் நிழல் விழுந்திருக்கிறது என்று முதலில் தேடுகிறோம். அவனிடமிருந்து அந்தப் பெரியவன் என்ன பெற்றான், அல்லது அவன் மண்ணிலிருந்து நாம் எல்லோரும் எதை எடுத்துக்கொண்டோம் என்ற கேள்வி நம்மிடம் எழுவதே இல்லை. சிற்றிதழ் நடத்திக்கொண்டு பேரரசின் கணக்குப் புத்தகத்தை எழுதுகிறோம். இதைவிட அபத்தம் வேறு என்ன?

காரியின் வழியும் நம் முன்னால் இருக்கிறது. பெரிய பத்திரிகையும் சினிமாவும் ஸ்தாபனங்களும் மாற்றி மாற்றி ஆள் அனுப்புகின்றன. போகிறவர்கள் போகட்டும்; வயிறு என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் போனவர்கள் ஓரியைக் கொன்று சேரனிடம் ஒப்படைக்கிற வேலையையும் சேர்த்தே செய்கிறார்கள். நேற்று வரை கூட எழுதிக்கொண்டிருந்தவனைப் பெரிய மேடையில் கேலி செய்வதில் அவர்களுக்கு ஒரு வித ராஜ விசுவாசம். பாரியின் வழி, மூவரும் சேர்ந்து முற்றுகையிடும் வரை பறம்பில் உட்கார்ந்திருப்பது. அதில் கம்பீரம் இருக்கிறது. கபிலர் மாதிரி ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாட்டும் மிஞ்சும்.

மூன்றாவது ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அது கோவலூர்க் கல்வெட்டை எழுதியவனின் வழி. அவன் ராஜராஜன் காலத்து ஆள். சக்கரவர்த்தியின் புகழைத்தான் எழுத உட்கார்ந்தான். எழுதும்போது சக்கரவர்த்தியின் தாய் எந்த ஊர் என்று சொன்னான். அந்த ஊரில் அதற்கு முன்னால் யார் தீயில் இறங்கினார்கள் என்றும் சொன்னான். கடனை அது பட்ட இடத்தில் வைத்து எழுதினான். விமர்சகன் செய்ய வேண்டியது இதற்கு மேல் ஒன்றும் இல்லை. இதற்குக் கீழே செய்வதை விமர்சனம் என்று நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.